பேரு யாருதோ, அவங்க கையில

மேலுறையில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரிடம், அதில் எழுதியிருக்கும் விலாசத்தில், கடிதம் சேர்க்கப்படவேண்டும். இது தபால் விதி. பொதுமகன் ஒருவர் அரசாங்கக் கந்தோருக்கு எழுதினால் தாமதமின்றிப் பதில் அனுப்பவேண்டும், அதையும் அவர் எழுதிய மொழியிலேயே அனுப்பவேண்டும். இது நிர்வாக விதி. முப்பத்தாறு வருடம் அரசாங்க எழுத்து வேலையில், லிகிதராகவும் பிரதம லிகிதராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டாவது விதியை நானே எத்தனை தரம் நிறைவேற்றினேன் என்று மட்டும் தயவுசெய்து கேட்கவேண்டாம்.

முதலாவது விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தபால் இலாகாவில் வேலை செய்தவர் அல்லர். மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கீழ் டிவிசன் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தவர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுப்பதும் தொட்டில் ஆட்டுவதும் அவருடைய வேலை. கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது அவராக எடுத்துக்கொண்டது. அதற்குச் சம்பளம் கிடையாது, பதவிப் பெயரும் கிடையாது. லயத்துச் சனம் அவரைக் கடுதாசிக்காரம்மா என்றது. நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். பெயரைப் போட்டால், “ஏம் பேர எதுக்கு சார் இழுக்கிறீங்க?” என்றுதான் கேட்டிருப்பார்.

லயத்துக் காம்பிராக்களுக்கு விலாசம் இல்லை. நூற்றைம்பது வருடமாக மனிதர் வசிக்கும் வரிசை வீடுகளுக்கு ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான். தபால்காரர் எல்லாவற்றையும் ஒரு கட்டாகத் தோட்டக் கந்தோரில் போட்டுவிட்டுப் போவார். கந்தோர் மேசையில் அது கிடக்கும். கீழே இறங்கும் ஆள் யாராவது கண்ணில் பட்டால், “இந்தா, இதக் கொண்டுபோய்க் குடு” என்று கிளாக்கர் நீட்டுவார். ஒரே லயத்தில் மூன்று லெட்சுமி இருந்தால் கடிதம் அவர்களில் யாரோ ஒரு லெட்சுமிக்குப் போகும். அந்த லெட்சுமி அதைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முறை அப்படி.

அம்மா கடிதங்களை, மடுவத்துக்குப் பால்மா வந்த காலிப் பையில் வைத்திருப்பார். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பை, மழைக்கு நனையாது. அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிப்போன பிறகு ஒவ்வொரு வாசலாக ஏறுவார். ஆள் வீட்டில் இல்லையென்றால் கடிதம் திரும்பப் பைக்குள் போகும். புருஷன் நிற்பான், மாமியார் நிற்பாள், கை நீட்டுவார்கள். கொடுக்கமாட்டார்.

“பேரு யாருதோ, அவங்க கையில.”

“நா அவ புருசந்தானேக்கா?”

“புருசன்தான். லெட்டர்ல ஓம் பேரா இருக்கு?”

கையில் கொடுத்த பிறகு ஒரு கேள்வி கேட்பார். எப்போதும் ஒரே கேள்விதான். “படிக்கவா, போகவா?” படி என்றால் படித்துக் காட்டுவார். போ என்றால் திரும்பிப் பாராமல் போய்விடுவார். அந்த லயத்தில் யார் வீட்டுக் கடிதத்தில் என்ன இருந்தது என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வந்ததில்லை. இரகசியக் கோப்புகளைக் கையாள நான் பயிற்றுவித்த லிகிதர்களை நினைத்துக்கொள்கிறேன். தேநீர் இடைவேளைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஒருமுறை, அடிதடி வழக்கொன்றில் விளக்கமறியல் சிறையில் இருந்த ஒருவனுக்குக் கடிதம் வந்தது. அம்மா லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, பார்வையாளர் வரிசையில் நின்று அதை அவன் கையில் கொடுத்திருக்கிறார். பிரித்தால், ராகலையிலிருந்து மச்சான்காரன் ஒரு பக்கம் முழுக்கத் திட்டி எழுதியிருந்தான்.

“இதக் குடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?” என்று அவன் அழாக்குறையாகக் கேட்டானாம்.

“ஓம் பேருக்கு வந்தத நா என்னத்துக்குச் சொமக்கணும்?” என்றாராம் அம்மா.

இந்தக் கதையை அவனே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பான். அம்மா சொன்னதில்லை.

ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா இருந்தால் வீட்டிலுள்ளவர்களுக்குப் பொறுக்காது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று ஹட்டனில் சிறிய அலுவலகம் திறந்தபோது, அரசாங்க நடைமுறை தெரிந்த ஒருவர் தேவை என்று என்னைக் கூப்பிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள். இணைப்பாளர் மட்டக்களப்புப் பெண், சுறுசுறுப்பானவர். எல்லோரும் மிஸ் என்பார்கள். அவர்களுடைய கொள்கை, மக்கள் தங்கள் தேவையைத் தாங்களே தெரிவு செய்யவேண்டும் என்பது. இதைக் கேட்டு நான் உள்ளுக்குள் சிரித்தேன். மக்கள் தெரிவு செய்வதற்கென்று கொழும்பில் அச்சடித்த படங்களை ஒரு பெட்டியில் கொண்டு வந்திருந்தார்கள்.

பிள்ளை மடுவத்தில் கூட்டம். தரையில் படங்களைப் பரப்பினார்கள். மலசலகூடம், தண்ணீர்க் குழாய், ஆடு, தையல் மெஷின். வீட்டுக்கு ஒரு தேயிலைக் கொட்டை. எது வேண்டுமோ அந்தப் படத்தின்மேல் கொட்டையை வைக்கவேண்டும். ஆட்டின்மேல் கொட்டைகள் குவியத் தொடங்கின. அப்போதுதான் அம்மா, தூங்கும் பிள்ளை ஒன்றைத் தோளில் போட்டபடி உள்ளறையிலிருந்து வந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மிஸ், இதுல கடுதாசி இல்லியே?”

“என்ன கடிதம் அம்மா?”

“ஆடு தர்றீங்க, சந்தோசம். ஆடு வருதுன்னு எங்களுக்குக் கடுதாசி போடுவீங்கல்ல? அது எங்க வரும்?”

தொழிற்சங்கத் தலைவர் பின்வரிசையில் இருந்து குரல் கொடுத்தார். “ஆட்டுக்கு எதுக்குக்கா கடுதாசி? அது நாலு கால்ல நடந்து வரும்!”

மடுவமே சிரித்தது. அம்மாவும் சிரித்தார்.

“ஆடு நடந்து வந்துரும் தம்பி. ஒம் மவ ரிசல்ட்டு நடந்து வருமா?”

தலைவருடைய மகளின் பரீட்சை முடிவு கந்தோர் மேசையில் மூன்று வாரம் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். அம்மா மிஸ்ஸிடம் பேனை வாங்கி, தையல் மெஷின் படத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் ஒரு பெட்டி வரைந்து அதற்குள் இரண்டு கோடு இழுத்தார். கடித உறை. பிள்ளையைத் தோள் மாற்றிவிட்டுத் தன் கொட்டையை அதன்மேல் வைத்தார். சிறிது நேரம் ஒரு கொட்டைதான் இருந்தது. பிறகு ஒரு பெண் எழுந்து வந்து, ஆட்டின் மேலிருந்த தன் கொட்டையை எடுத்து அம்மாவின் கொட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் இந்திராணி, கொழுந்தெடுப்பவள். அதற்குப் பிறகு ஆடு தோற்றுப்போனது.

வாகனத்தில் திரும்பும்போது மிஸ்ஸிடம் சொன்னேன். “விலாசம் என்பது நம் படிவத்தில் எந்தத் தலைப்பிலும் இல்லை. மலசலகூடம் என்று எழுதிக்கொள்வோம்.”

“சனம் சொன்னா சொன்னதுதான் சேர். எங்கட விதி அதெண்டு நீங்கதானே போன கிழமை எனக்கு வாசிச்சுக் காட்டினீங்க?”

விதியைச் சொல்லி என் வாயை அடைத்த முதல் ஆள் அவர்.

வேலை தொடங்கியது. பாதைக்குப் பெயர் வைக்க மூன்று கூட்டம் போயிற்று. சாமி பெயர், தலைவர் பெயர், நடிகர் பெயர் என்று அடிதடி வரை வந்தது. கடைசியில் அம்மா, “எல்லாரும் குளிக்கிற எடம் ஒண்ணுதானே, அதயே வைங்க” என்றார். லயத்துக்குக் கீழே மலைத் தண்ணீர் விழும் பீலி ஒன்று உண்டு. பாதைக்குப் பீலிப் பாதை என்று பெயராயிற்று. தொண்டு நிறுவனம் நீல பெயின்ட் கொடுத்தது. வீட்டுக்கு ஒருவர் வந்து தங்கள் கதவில் தாங்களே இலக்கம் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களும் எழுதினார்கள். எட்டாம் நம்பர் ஒன்று இன்றும் படுத்துக்கிடக்கிறது. அம்மாவின் காம்பிரா பதினேழு. இந்திராணியுடையது பத்தொன்பது.

மறுநாளே கந்தோரிலிருந்து பெரிய கிளாக்கர் இறங்கி வந்துவிட்டார்.

“தோட்டத்துச் சொத்துல பெயின்ட் அடிக்க யாருகிட்ட அனுமதி வாங்குனீங்க?”

“வெள்ளக்காரத் தொர காலத்துல ஒரு நம்பர் இருந்துச்சுங்கையா. அழிஞ்சுபோச்சு. புதுசாக்கியிருக்கோம்” என்றார் அம்மா. “ஒங்களுக்கும் சொமை கொறையும்ல? கந்தோர் மேசயில எங்க கடுதாசி கெடக்காது. சாயத்தண்ணி ஊத்தவா ஐயா?”

கிளாக்கர் அந்தப் பாலில்லாத் தேநீரைக் குடித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் போனார். இலக்கம் கதவில் இருந்தால் மட்டும் போதாது. பாதையையும் இலக்கங்களையும் பதிவேட்டில் ஏற்றி, தபாலை நேரே கதவுக்குக் கொண்டுவரும்படி மேலிடத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். அது என் பகுதி. மனுதாரர் அம்மா. ஒரு வெள்ளிக்கிழமை மடுவத்து வாசலில் உட்கார்ந்து நிரப்பினோம்.

“விலாசம் என்ற இடத்தில் ‘தோட்ட அதிகாரி ஊடாக’ என்று போடவேண்டும்” என்றேன். “அதுதான் நடைமுறை.”

“வேணாம் சார். பதினேழு, பீலிப் பாதைன்னு மட்டும் போடுங்க.”

“அம்மா, அப்படி ஒரு விலாசமே இன்னும் இல்லை. அதைத்தான் கேட்டு எழுதுகிறோம். இப்படிப் போட்டால் பதில் வராது.”

“கந்தோருக்கு வந்தா அது பழைய கததானே சார். பதில்ல என்ன வேணா இருக்கட்டும், முடியாதுன்னே இருக்கட்டும். ஏங் கதவுக்கு வரணும்.”

போட்டேன். அடுத்தது, கோரிக்கைக்கான காரணம், இரண்டு வரிகளுக்கு மேற்படாமல். எனக்குக் கை பழக்கம். ‘உரிய காலத்தில் தபால் கிடைக்காமையால் குடியிருப்பாளர்களுக்கு ஏற்படும் அசௌகரியங்கள்’ என்று எழுதி வாசித்தேன்.

“அசௌகரியமா?” என்றார் அம்மா.

நான் பேனையை மூடவில்லை. அவர் பீலிப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நா இந்த வேலைக்கு வந்த புதுசு சார். கந்தோர்ல கடுதாசி ஒண்ணு குடுத்தாங்க. எங்க லயத்துப் புள்ளைக்கு நர்ஸ் படிப்புக்கு இன்டவியூ. எனக்கு அது தெரியாது. புள்ள தலவாக்கலைக்குப் போயிருந்துச்சு. மடுவத்துல ஒரு கொழந்தைக்குக் காச்ச, நா ஓடணும். பக்கத்துக் காம்பிராப் பொம்பளகிட்ட, வந்தா குடுத்துருன்னு நீட்டிட்டேன். அவ பத்திரமா கூரைத் தகரத்துக்கு அடியில செருகிட்டு மறந்துட்டா. மழை ஒழுகுனப்பதான் அது கீழ விழுந்துச்சு. தேதி போயிருச்சு.”

உள்ளே சிணுங்கிய பிள்ளையின் தொட்டிலை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அந்தப் புள்ள இன்னைக்கும் ஏங் கண்ணு முன்னாடிதான் கூடய மாட்டிக்கிட்டு மலைக்கு ஏறுது. ஒரு வார்த்த கேட்டதில்ல. பீலியில பக்கத்துல நின்னுதான் குளிக்கிறோம். அதுக்குப் பேரு அசௌகரியமா சார்?”

பத்தொன்பதாம் இலக்கமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. புதுப் படிவம் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘ஒரு பிள்ளைக்கு நர்ஸ் படிப்புக்குக் கூப்பிட்டு வந்த கடிதத்தை நான் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அது அவள் கைக்குப் போகவில்லை.’ சரியாக இரண்டு வரி. அரசாங்கத்துக்கு நான் எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்களில், காரணம் என்ற இடத்தில் காரணம் எழுதியது அது ஒன்றுதான். அம்மா தன் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்து வைத்தார்.

பிறகு காத்திருப்பு. முதலாவது நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல், மூன்றாவது. வெள்ளிக்கிழமைகளில் மடுவத்துக்குச் சாமான் வாங்க அம்மா தலவாக்கலைக்கு வருவார். நான் ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்குவேன். மழை இல்லாவிட்டாலும் கறுப்புக் குடை விரித்திருப்பார். சனத்துக்குள் அந்தக் குடையைக் கண்டுபிடிப்பது லேசு.

“வந்துச்சா சார்?”

“கதவுக்குத்தானே வரும்? நீங்கதான் எனக்குச் சொல்லவேண்டும்.”

“அட, ஆமாயில்ல!” என்று சிரிப்பார்.

ஒவ்வொரு வெள்ளியும் இதே கேள்வி, இதே பதில். இருவருக்கும் அது அலுக்கவில்லை. முப்பத்தாறு வருடம் கவுண்டரின் மறுபக்கத்தில் நின்று “வந்துச்சா?” என்று கேட்ட சனத்தை நிமிர்ந்து பாராமலே அனுப்பியவன் நான். அந்தச் சொல்லைக் கேட்பதற்காக வெள்ளிக்கிழமைகளில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு புறப்பட்டேன் என்றால், என் பழைய சக ஊழியர்கள் நம்பமாட்டார்கள். நம்பவேண்டாம்.

இரண்டு கார்த்திகை போனது. மூன்றாவது கார்த்திகை மழையில் அம்மாவுக்குச் சளிக்காய்ச்சல் கண்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் உயிர் பிரிந்தது. அதற்கு முதல் நாள் நான் போய்ப் பார்த்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தலையணைக்கு அடியில் பால்மாப் பை. அதற்குள் ஒரே ஒரு கடிதம் மிச்சம், கொழும்பு புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்யும் பையனுக்கு வந்தது. “பொங்கலுக்கு வருவான் சார். அவங் கையில” என்று பையை என் பக்கம் தள்ளினார். அவர் என்னிடம் பேசிய கடைசிச் சொற்கள் அவை. பொங்கலுக்கு அவன் வந்தான். அவன் கையில்தான் கொடுத்தேன், வெறும் பையை இந்திராணியிடம் கொடுத்தேன். “படிக்கவா, போகவா?” என்று அவனிடம் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அது என் கேள்வியல்ல.

அம்மாவின் மகன் கொழும்பில் ஹோட்டல் வேலை. காரியம் முடிந்ததும் பதினேழாம் இலக்கத்தைப் பூட்டி, சாவியை இந்திராணியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வெள்ளிக்கிழமைகளில் நான் இப்போதும் தலவாக்கலையில்தான் பஸ் மாறுகிறேன். நேரடி பஸ் இருக்கிறது. கறுப்புக் குடைகளுக்கும் அந்த ஊரில் குறைவில்லை.

தொண்டு நிறுவனத்தின் திட்டக் காலம் முடிந்தது. முடிவு மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப நானும் மிஸ்ஸும் லயத்துக்குப் போனோம். வெயில் காலம், கொழுந்து குறைவு, அன்று வேலை கொடுக்கவில்லை. ஆதலால் சனமெல்லாம் வீட்டில் இருந்தது. மடுவத்து வாசலில் உட்கார்ந்தோம். படிவத்தின் கடைசிக் கேள்வி: இலக்கு எட்டப்பட்டதா? ஆம், இல்லை. மிஸ் பேனையை ‘இல்லை’யின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். இல்லையென்றால் இல்லைதான்.

அப்போது கீழே, பீலி வளைவில், ஒரு காக்கிச் சட்டை ஏறி வருவது தெரிந்தது. தபால்காரர் கந்தோருக்கு அப்பால் வந்து நான் கண்டதில்லை. லயமும் கண்டதில்லை. நாய்கள் அவரைச் சும்மா விடவில்லை. கதவு கதவாக நீல இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, பதினேழின் முன்னால் நின்று, பூட்டைப் பார்த்தார்.

“பதிவுத் தபால். இந்த அம்மா எங்க?” தபால்காரர் சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசினார்.

தலைவர், “அவங்க தவறிட்டாங்க மாத்தயா” என்றார்.

“அபொய்.” தொப்பியை எடுத்தார். “அப்ப யாராவது கையெழுத்து வச்சு எடுங்க.”

ஒருவரும் அசையவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள், வாசல் நிறையச் சனம், ஒரு கை நீளவில்லை. அடுத்த வீட்டுக் கடிதத்துக்குக் கை நீட்டக்கூடாது என்று அத்தனை பேரையும் அம்மா பழக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“பேரு அவங்களுதுதானே?” என்றாள் ஒருத்தி மெதுவாக. “நாங்க எப்புடி வாங்குறது?”

தபால்காரர் என்னைப் பார்த்தார். சட்டையும் கண்ணாடியும் பார்த்து, விதி தெரிந்த ஆள் என்று கண்டுகொண்டார் போலும். எனக்கு விதி தெரியும். பெறுநர் இறந்துவிட்டார் என்று குறித்து, அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பவேண்டும். வாய்வரை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்த விதியைச் சொல்லாமல் நின்றேன்.

இந்திராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“குடுங்க. நா வாங்குறேன்.”

“நீங்க அவங்களுக்கு என்ன முறை?”

“ஏங் கடுதாசிய ஒருக்கா வேற ஆளு கையில குடுத்தாங்க” என்றாள். “அதுக்காக மிச்ச நாளெல்லாம் நடந்தாங்க. அவங்க கடுதாசி ஏங் கையில இருக்கட்டும். அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

தபால்காரருக்கு விளங்கியிருக்காது. ஆனால் தாளை நீட்டினார். அவள் கையெழுத்து வைத்தாள். சாவி எடுத்துப் பதினேழைத் திறந்தாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசற்படியில் நின்று உறையை என்னிடம் காட்டினாள். மெல்லியது, ஒற்றைத் தாள். மேலே சிங்களத்தில் எழுதியிருந்தது. என் அனுபவத்தில் ஒற்றைத் தாள் என்றால், ‘கவனத்திற் கொள்ளப்படும்’ என்ற தட்டிக்கழிப்பு என்று அர்த்தம்.

“படிக்கவா,” என்றேன். “படிக்கவா, போகவா?”

“உள்ள இருக்கிறது அவங்களுது சார். வெளிய எழுதியிருக்கிறத மட்டும் படிங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி.”

படித்தேன். அம்மாவின் முழுப் பெயர். இல. 17. பீலிப் பாதை. கீழ் டிவிசன். ‘தோட்ட அதிகாரி ஊடாக’ என்று எங்கும் இல்லை. மடுவத்து வாசலில் மிஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

இந்திராணி உறையைப் பிரிக்காமல் உள்ளே கொண்டுபோய், சுவரில் ஆணியில் தொங்கிய பால்மாப் பைக்குள் வைக்கப் போனாள். ஒரு நிமிடம் பொறு என்று கேட்டு வாங்கினேன். கைக்கு வரும் எந்தக் கடிதத்திலும் மூலையில் பென்சிலால் குறிப்பது முப்பத்தாறு வருடப் பழக்கம். எழுதிக் கொடுத்தேன்.

கிடைத்தது: மார்ச் 19, வியாழக்கிழமை.